பரங்கிப் பூ பார்க்க வந்தவள்

படித்த பெண்மணியை ‘அவள்’ என்று எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நேரில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். ஆவி பறக்கிற முதல் இட்லியை அவள் தட்டில்தான் வைத்தேன். கேட்டபோதெல்லாம் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் இருந்த மரியாதை முழுக்க அப்போதே செலவாகிவிட்டது. இப்போது கைவசம் இல்லை.

புதுவாயல் கூட்டு ரோட்டில் மெஸ் நடத்துகிறேன். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும்தான் என் வாடிக்கை. காலையில் நாஷ்டா, மதியம் சாப்பாடு, ஒடிசாக்காரர்களுக்குச் சப்பாத்தி. மாடியில் ஒரே ஒரு அறை. அதற்குத்தான் வாடகைக்கு வந்தாள். நாற்பது தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, துணித் தொப்பி, மடக்கு ஸ்டூல் ஒன்று, பை நிறைய வெள்ளை வலைத் துணி. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஒரு ‘ங்க’ போடாமல் வாயை மூடமாட்டாள். என்ன வேலை என்று கேட்டேன். பூக்களையும் பூக்களுக்கு வருகிற பூச்சிகளையும் ஆராய்ச்சி செய்கிறேன் என்றாள். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் உட்காருகிறது, ஊத்துக்கோட்டைப் பக்கத்து நிலத்தில் எப்படி, கம்பெனிகளை ஒட்டிய நிலத்தில் எப்படி என்று பார்க்க வேண்டுமாம். இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். முடியட்டுங்க, சொல்றேன் என்றாள்.

அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரம். வாடகை தாமதித்ததில்லை. யாரையும் பற்றி ஒரு பொல்லாத வார்த்தை பேசியதில்லை. எண்ணெயும் இரும்புத் தூளுமாக வந்து உட்காரும் ஆட்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாள், மூக்கைச் சுருக்க மாட்டாள். கெட்டவள் என்று சொல்ல ஒரு காரணமாவது கொடுத்திருந்தால் நாங்கள் ஜாக்கிரதையாக இருந்திருப்போம்.

ஓயாமல் அவள் வாயில் வருவது ஒன்றுதான்: “அப்படியே இருக்கட்டுங்க.” இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா என்றால் அப்படியே இருக்கட்டுங்க. ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறதே, ஆளை வரச் சொல்லட்டுமா என்றால் அப்படியே இருக்கட்டுங்க. ஒருநாள் அவள் அறைச் சுவரில் சர்க்கரை டப்பாவைத் தேடி எறும்பு சாரிசாரியாகப் போகிறதைப் பார்த்துவிட்டு மஞ்சள்தூளோடு மாடி ஏறினேன். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கன்னத்தில் கை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டுங்க, எங்கே திரும்புதுன்னு பாக்கறேன் என்றாள். எறும்புக்கும் சேர்த்து வாடகை கேட்டிருக்க வேண்டும் நான்.

இன்னொரு நாள், மெஸ்ஸில் நிற்க இடமில்லாத காலை நேரம். யார் முழங்கையோ பட்டு ஒரு காலிச் சொம்பு மேஜையில் உருண்டது. அவளுக்கு நேராகத்தான் உருண்டு போனது. விரலை நீட்டினால் நின்றுவிடும். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். அது விளிம்பு வரைக்கும் போய், கொஞ்சம் யோசிப்பது மாதிரி தயங்கி, கீழே குனிந்து சேஃப்டி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனிதர் மண்டையில் விழுந்தது. “பாத்துக்கினே கீறீங்களே மேடம், புடிக்கக் கூடாதா?” என்று அவர் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“விழுதான்னு பாத்தேங்க” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே அதைத்தான் பார்த்திருக்கிறாள். மெஸ்ஸே சிரித்தது. நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என் தம்பி ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு உருக்குகிற கம்பெனியில் ஃபர்னஸ் முன்னால் நிற்கிற வேலை அவனுக்கு. பர்மனென்ட் ஆட்களுக்குப் பகல் ஷிப்டு கிடைக்கும். காண்ட்ராக்ட்காரனுக்கு ராத்திரிதான். விடிந்து வரும்போது கண் இரண்டும் மிளகாய் அரைத்துத் தடவினது மாதிரி இருக்கும். எங்கள் அப்பா அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் தனக்கென்று ஒரு விதையை மண்ணில் போட்டவன் ஏழுமலைதான். கம்பெனி மதிலுக்குப் பின்னால், நெல்லுக்குத் தண்ணீர் எட்டாமல் ஒரு குடும்பம் சும்மா போட்டிருந்த துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பரங்கி போட்டான். ரெண்டு பட்டம் காய் நல்லா வந்தா ஃபர்னஸுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவேன்க்கா என்று என்னிடம் சொன்னான். அவன் பெண்டாட்டியிடம் சொன்னான். சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லிவிட்டான், மடையன்.

அவனுக்கு நிலத்தைப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு நேரம். காலையில் கம்பெனி பஸ் கூட்டு ரோட்டில் இறக்கிவிடும். என்னிடம் நாஷ்டா தின்பான். நேராக நிலத்துக்குப் போய் மருந்து டேங்கை முதுகில் மாட்டுவான். அடித்து முடித்துவிட்டு ஊட்டுக்குப் போய்ச் சாய்ந்தால் சாயந்திரம் பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பான். இங்கே ஷிப்டும் பார்த்துக்கொண்டு தோட்டமும் போடுகிற எல்லாருக்கும் இதே பாடுதான். பயிருக்கு எந்த நேரம் நல்லது என்று பார்த்தா மருந்தடிக்கிறார்கள்? பஸ் வருகிற நேரம்தான் மருந்தடிக்கிற நேரம்.

கம்பெனியை ஒட்டிய பரங்கித் தோட்டம் ஒன்று வேண்டும் என்று மேடம் தேடிக்கொண்டிருந்தாள். ஏழுமலையின் நிலத்தைப் பார்த்ததும் பிடித்துப்போனது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவங்க என் பூவைப் பாக்க வந்துகீறாங்க என்று பஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறான். அவள் ஸ்டூல் போடும் இடத்தில் முள்ளைச் செதுக்கிக் கொடுத்தான். வெயில் படாமல் நாலு ஓலை வெட்டி நிழல் போட்டுக் கொடுத்தான். அவள் விடிவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவாள். சில பூக்களுக்கு வலைத் துணியில் பை தைத்து மூடிக் கட்டியிருந்தாள். பரங்கிப் பூவுக்குக் கொசுவலை கட்டிகீறாங்கடா என்று பசங்கள் மெஸ்ஸில் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கையில் ஒரு சின்ன மிஷின் வைத்திருப்பாள். ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தால் ஒரு டிக். அது போனதும் மறுபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழுமலையின் தோட்டத்தில் பூ வந்த நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே! கொடி தெரியாமல் மஞ்சள். பூவுக்கடியில் நெல்லிக்காய் அளவு பிஞ்சும் வைத்தது. அப்புறம் பிஞ்சு ஒவ்வொன்றாக மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. பூச்சிதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டான். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? ஊத்துக்கோட்டை மருந்துக் கடைக்குப் போனான். கடைக்காரர் முன்னதைவிட ஸ்ட்ராங்கான மருந்தைத் தூக்கிக் கொடுத்தார். அடித்தான். பிஞ்சு இன்னும் அதிகமாக உதிர்ந்தது. இன்னும் அதிகமாக அடித்தான். அவன் டேங்கை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மேடம் மூக்குக்குத் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து வரப்புக்குப் போய்விடுவாள். அவன் போன பிறகு திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்காருவாள்.

ஒருநாள் அவளுக்கு இட்லி எடுத்துக்கொண்டு நானே நிலத்துக்குப் போனேன். ஏழுமலை அப்போதுதான் மருந்தடித்துவிட்டுப் போயிருந்தான், வாடை தொண்டையைக் கமறியது. ஒரு பூவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு தேனீ மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தது. அது முழுசாக ஓய்கிறவரைக்கும் பார்த்தாள். வாட்ச்சைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பாவம், இளகின மனசு என்று நினைத்துக்கொண்டு டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். நல்லா நினைத்தேன் போ!

ஏழுமலை அவளை வாய்விட்டே கேட்டான். அவள் நிலத்துக்குப் போகாத ஒரு காலையில், என் மெஸ்ஸில், என் எதிரில்தான் கேட்டான். பொங்கலைப் பிசைந்துகொண்டே, “மேடம், நீங்க தெனம் அங்கதான் குந்திக்கினு கீறீங்க. பிஞ்சு ஏன் உதிருது, உங்களுக்கு இன்னா தோணுது?” என்றான்.

“பாத்துட்டுதானுங்க இருக்கேன். முடியட்டும், சொல்றேன்” என்றாள்.

அவன் தலையாட்டிக்கொண்டான். படித்தவர்கள் பார்க்கிறார்கள், பார்த்துச் சொல்வார்கள் என்று தெம்பாகப் போய் அன்றைக்கும் மருந்தடித்தான்.

அந்தப் பட்டம் போனது. விதை சரியில்லை என்று விதையை மாற்றி அடுத்த பட்டமும் போட்டான். அவளும் மறுபடி வந்து உட்கார்ந்தாள். மறுபடி பூ, மறுபடி மஞ்சள் பூத்த பிஞ்சு, மறுபடி டிக் டிக். நிலத்துக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி காய்ந்த கொடியை இழுத்துக் குவித்து எரித்தாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, இன்னாடா பண்ணையாரே என்று நாலு பேர் எதிரில் கேட்டாராம். ஏழுமலை அதற்கப்புறம் தோட்டம் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. மேடம் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு, ஊருக்குப் போனாள்.

மறு வருஷம் பரங்கி போடுகிற பருவத்தில் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து நின்றாள். காலை நேரம்தான். ஏழுமலை ஷிப்டு முடிந்து வந்து தோசைக்காகக் காத்திருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். எதிரில் உட்கார்ந்து, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேனுங்க என்று ஆரம்பித்தாள்.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாம். ஆண் பூவில் இருக்கிற மகரந்தத்தைத் தேனீ உடம்பில் ஒட்டிக்கொண்டுபோய்ப் பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு காயாகுமாம். பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகப் படித்து, பரீட்சையோடு மறந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். பரங்கிப் பூ விடியற்காலையில் திறந்து மதியத்துக்கு முன்னால் மூடிக்கொள்கிறது. தேனீ வருவதும் அந்த நேரத்தில்தான். ஏழுமலை மருந்தடித்ததும் அந்த நேரத்தில்தான்.

“பிஞ்சு உதிர்ந்தது பூச்சியால இல்லீங்க. பூச்சி வராததால. பூ மூடின பிறகு சாயந்திரமா அடிச்சிருந்தா தேனீ பொழச்சிருக்கும், காயும் பிடிச்சிருக்கும்” என்றாள்.

தோசைக் கல்லில் தோசை தீய்கிறது. ஏழுமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?”

“மொதல் பட்டத்துல பூ வந்த ஒரு வாரத்துலயே தெரிஞ்சுதுங்க.” பொய் சொல்லவும் தெரியாது அவளுக்கு.

“நான் கேட்டனே.”

“கேட்டீங்க. சொல்லியிருந்தா நீங்க நேரத்த மாத்தியிருப்பீங்க. விவசாயி பண்றத நாம மாத்திட்டா அது ஆய்வே இல்லீங்க. இப்ப உங்க நிலம் இதுல இல்ல, அதான் சொல்லலாம்னு வந்தேன்.”

அவன் கத்துவான் என்று பார்த்தேன். எழுந்து மேஜையைப் புரட்டுவான் என்று பார்த்தேன். செரி மேடம் என்றான். தீய்ந்த தோசையையே வாங்கித் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நான் அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டு இருந்திருப்பேன். அவன் போனதும் மொத்தக் கோபமும் எனக்கு ஏறிக்கொண்டது.

ஏன் மேடம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலருந்து முத்தா உதிர்ந்திருக்கும், ரெண்டு பட்டம் அவன் போட்ட ஓலை நிழல்ல குந்திக்கினு அவன் பொழப்பு சாகறதப் பாத்துக்கினு இருந்தீங்களே என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதை அச்சில் போட முடியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். இந்த ஆராய்ச்சி முடிந்தால் எத்தனையோ விவசாயிகளுக்குப் பயன்படுமுங்க என்றாள். அவர்களுக்கு எப்போது சொல்லப்போகிறீர்கள் என்றேன். இன்னும் ஒரு பட்டம் பார்க்க வேண்டும், கட்டுரை வெளிவர வேண்டும், அப்புறம் என்றாள். இந்த வருஷம் இதே சுற்றுவட்டாரத்தில் ஷிப்டுக்காரர்கள் போட்ட தோட்டங்களைத்தான் பார்க்கப்போகிறாளாம். அவர்களும் காலையில்தான் மருந்தடிக்கிறார்கள். மாடி அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். அரிசி மூட்டை போட்டிருக்கிறேன் என்றேன். பச்சைப் பொய். கவரப்பேட்டையில் எங்கேயோ தங்கிக்கொண்டாள்.

என் மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பேன். மறுநாள் இட்லி, பொங்கல், பூரிக்குக் கீழே எழுதினேன்: பரங்கி போட்டவர்கள் காலையில் மருந்து அடிக்க வேண்டாம். பூ மூடின பிறகு சாயந்திரம் அடிக்கவும். தேனீ செத்தால் காய் இல்லை.

ஒடிசாக்காரர் ஒருவர் அது என்ன ஐட்டம், ஒரு பிளேட் கொடுங்கள் என்று கையைக் காட்டினார். நம்ம ஆட்கள் கேட்டார்கள். கரண்டியும் கையுமாக நின்று சொன்னேன். அக்கா எப்ப வேளாண்மை ஆபீசர் ஆனாங்க என்று ஒருத்தன் நக்கல் செய்தான், அவனுக்கு அன்றைக்குச் சட்னி கிடையாது. ஆனால் தோட்டம் போட்டிருந்தவர்கள் சிரிக்கவில்லை. சாயந்திரம் நாங்க பஸ்ஸுல இருப்போமே, யார் அடிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் மாமனாரை அடிக்கச் சொன்னார். இன்னொருத்தர் வாரா வாரம் லீவு நாளில் வைத்துக்கொண்டார். ஏழுமலை தினமும் வந்து அந்தப் பலகை முன்னால் கொஞ்சம் நின்று படிப்பான். உள்ளே வந்து டீ கேட்பான்.

கொஞ்ச நாள் கழித்துக் காலைக் கூட்டம் கலைந்த நேரத்தில் அவள் வந்தாள். தோட்டங்களில் காலையில் மருந்து வாடை வராமல் போகவும் விசாரித்திருக்கிறாள் போலிருக்கிறது. பலகை முன்னால் நின்று முழுசாகப் படித்தாள். உள்ளே வந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“அத மட்டும் அழிச்சிடுங்க. இந்தப் பட்டம் முடியற வரைக்குந்தான். அப்புறம் நானே வந்து எழுதிப் போடறேன். இவங்க எல்லாரும் மாறிட்டா, இத்தன வருஷமா நான் பாத்ததெல்லாம் வீணாப் போயிடுங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கும் உதிர்வதற்குப் பிஞ்சு இருந்திருக்கிறது!

“அப்படியே இருக்கட்டும் மேடம்” என்றேன்.

சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பது மாதிரி உள்ளே போய்விட்டேன். பால் இல்லை. பலகை ஓரத்து ஆணியில் ஈரத் துணி தொங்குகிறது. மெஸ்ஸில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவள் ஆராய்ச்சி பிழைத்துக்கொள்ளும். வாடிக்கைக்காரர்கள் மறுநாள் வந்து கேட்டால் மழைச்சாரல் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் தட்டு கொடுக்கிற ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கிறாளா என்று பார்த்தேன்.

அவள் வாசலுக்குப் போய்த் துணியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கை பாதி வரைக்கும் எழுந்தது. அப்புறம் அதே கையால் பையிலிருந்து போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தாள். வாட்ச்சைப் பார்த்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள்.

அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. தோட்டங்களில் காய் பிடித்திருக்கிறது. போன வாரம் ஒருத்தர் ஒரு பரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஏழுமலை அதைச் சுண்டிப் பார்த்தான், நல்ல காய்க்கா என்றான், சாயந்திரம் பஸ் பிடித்து ஃபர்னஸுக்குப் போனான்.

அன்றைக்கு அவள் அந்தப் பலகையை அழித்திருந்தால், படுபாவி என்று வாய் நிறையத் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு மறுபடி எழுதியிருப்பேன். அவளும் நம்மைப் போல ஒருத்திதான் என்று, நாளாக ஆக, கோபமும் ஆறியிருக்கும். பாவி, அழிக்கவில்லையே.